மேல்விலங்கு

அட்டை போய்விட்ட நாவல்.
நூறு வருசத்துக்கு முந்தைய தமிழ்,
பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய் என்றார் மக்தூம் பாய்.
திருவல்லிக்கேணியில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில்
கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும்
மாறி மாறி அடிக்கிற விரல் என்னுடையது.
பார்த்ததை அடிக்கும். கேள்வி கேட்காது.

கேள்வி கேட்டது நான்தான்,
அடித்து முடித்த பிறகு.
மூன்றாம் பக்கத்தில் அபிராமவல்லி விசனத்தோடு நிற்கிறாள்.
நாலாம் பக்கத்தில் அவள் மாமனாருக்கு விசனம்.
அச்சுப்பிழை, வசனம்தான் இது.
அந்தக் காலத்து அச்சுக்கோர்ப்பவர், பாவம்,
அரிக்கேன் வெளிச்சத்தில் அடுக்கியிருப்பார்.
மனசுக்குள் அவரை மன்னித்துவிட்டு
கண்டுபிடி, மாற்று, எல்லாவற்றையும்.
நாற்பத்துமூன்று இடங்கள் என்றது கணினி.
டீ சொன்னேன்.

புரூஃபை எடுத்துக்கொண்டு பறக்கும் ரயிலில் ஏறினேன்.
இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்:
'சொல்ல அவனிடம் வசனம் இல்லை. வசனமே இருந்தது.'
மந்தைவெளியில் ஒரு தடவை படித்தேன்.
கிரீன்வேஸ் ரோட்டில் மறுபடி.
ஆற்றுக்கு மேலே போகும்போது, நாற்றம் உள்ளே வர,
போனில் இருந்த மூலப்பக்கத்தை
இரண்டு விரலால் அகட்டினேன்.
இரண்டாவது வ-வின் தலையில்
தெளிவாக, அழுத்தமாக, ஒரு சுழி.
மேல்விலங்கு என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள்.
விலங்கு மாட்டியதும்
பேச்சு துக்கமாகிவிடுகிறது.

தரமணி வரைக்கும் வெட்கம்.
பிள்ளை செத்த வீட்டில்
எல்லோரும் வசனம் தாளாமல் உட்கார்ந்திருந்தார்கள்.
நிலம் ஜப்தியான அன்று சேஷையர்
சாப்பிடாமல் வசனத்தில் ஆழ்ந்தார்.
நான் செய்தது.

மறுநாள் காலை அதே வித்தையைத் தலைகீழாகப் போட்டேன்.
அதற்கு நாடகக் கொட்டகையை எப்படித் தெரியும்?
அங்கே ராஜபார்ட்டுக்கு விசனம் மறந்துபோனது.
பைண்டிங் மேசையிலிருந்து ஷாஹிரா சிரித்தாள்,
"மறந்தா நல்லதுதானேக்கா."

அப்புறம் கையால்தான்.
ஒவ்வொன்றாக, முன்னால் நாலு வரி, பின்னால் நாலு வரி.
அகராதி கிடையாது; கடையில் இருந்ததை
மானிட்டருக்கு முட்டுக் கொடுத்திருக்கிறோம்.
மூன்று தடவை எதிர்ப்பட்டால்
ஒரு சொல்லுக்கு முகம் வந்துவிடுகிறது.
வாஞ்சை வந்தது அப்படித்தான்.
அசூயையை ஏதோ வயிற்றுநோய் என்றே
ரொம்ப நாள் நினைத்திருந்தேன்,
மூத்த ஓரகத்தி ஒட்டியாணம் பண்ணிக்கொள்ளும் வரை.

ஆயாசம் என்ற சொல் என்னோடு வீட்டுக்கே வந்தது.
ராத்திரி ஒன்பதரைக்கு, பிளாட்பாரப் படிக்கட்டில்,
முழங்காலுக்குக் கீழே இருப்பது
இத்தனை வருசமாக அதுதான்.
ஞானமுத்து போனில் கேட்டார், "ஏன் ஒரு மாதிரி பேசுற?"
"ஒண்ணுமில்ல, ஆயாசம்."
"எந்த ஆயா?"

எல்லாம் சரிசெய்தாயிற்று.
எண்பத்தெட்டாம் பக்கம் மட்டும் நிற்கிறது.
பாகம் பிரித்த இரவு, அண்ணனும் தம்பியும் கூடத்தில்,
விடியும்வரை அதிலேயே பொழுதைக் கழித்தார்கள் என்று வருகிறது.
எதிலே?
வ-வின் தலை இருக்கவேண்டிய இடத்தை
ராமபாணம் தின்றிருக்கிறது.
குண்டூசித் தலையளவு ஓட்டை,
அதன் வழியே தொண்ணூறாம் பக்கத்தின் ஒரு புள்ளி.
முதல் தடவை என்ன அடித்தேன், நினைவில்லை.
பேசித் தீர்த்திருக்கலாம்.
அண்ணன் தம்பிதானே.

"ஏதாவது ஒண்ணு போடும்மா,
நாளைக்கு பிளேட்டுக்குப் போகணும்" என்கிறார் பாய்.

வியாசர்பாடி வீட்டை விற்ற ராத்திரி
நானும் என் தங்கையும்
காலி அறையில் விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தோம்.
அவள் அப்பளக் கட்டைப் பிரித்துப் பிரித்து எண்ணினாள்.

விலங்கைப் போட்டேன்.
எடுத்தேன்.
கீழே ஜெராக்ஸ் மெஷின்
யாருடைய ஆதார் அட்டையையோ
ஒளி அடித்துப் பார்க்கிறது.
போட்டேன்.